தேவ் – ஏழு நம்பர், அவசரம்

கரும்பலகையில் நாகராஜ் எழுதியிருந்தார்: ‘தேவ் – 7 நம்பர். அவசரம்.’

அதற்கு மேலே வழக்கமான சரக்குகள். கூலன்ட் ஆயில் ஒரு கேன். ஆறு எம்.எம். டிரில் இரண்டு நம்பர். கை துடைக்கப் பனியன் வேஸ்ட் ஐந்து கிலோ. பிறகு, சாக்பீஸ் உடையும் அளவுக்கு அழுத்தி, அடியில் இரண்டு கோடும் இழுத்து, தேவ்.

ஓசூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் எங்கள் பட்டறையில், தீர்ந்துபோன பொருளை உடனே பலகையில் எழுதிவிட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை இயற்றியவள் என் மனைவி சரளா. பட்டறை அவளுடையது. நாகராஜ் மெஷின் ஆபரேட்டர். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது கன்னடம், என் வயதுக்காரர். அங்கே எனக்கு என்ன வேலை என்று ஒருமுறை ஒரு வங்கி அதிகாரி சரளாவிடம் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வருவாருங்க” என்றாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐப்பசித் தூறல் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள், வெட்டும் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் ஆயிலின் புளித்த மோர் வாசனை.

“நாகராஜ், யார் இந்த தேவ்?”

“அத நான்ல உங்களக் கேக்கணும் சார். காலையிலருந்து தேவ் இல்ல, தேவ் இல்லன்னு நீங்கதான சொல்லிகினு இருக்கீங்க. எண்ணிப் பாத்தேன். ஏழு வாட்டி.”

அவர் எண்ணியது சரி. தவறு எங்கே நடந்தது என்று சொல்ல, முந்தைய நாளுக்குப் போக வேண்டும்.

மரியாதையாகக் கேட்டது

எங்கள் மில்லிங் மெஷின் பழையது. உலோகத்தைத் தேவையான வடிவத்துக்குச் சீவி எடுக்கும் இயந்திரம். அதற்கு மோட்டார்களைப் பொருத்தி, ஒரு கணினியின் சொல்படி ஓடவைத்தது என் யோசனை. கணினிக்குள் இருந்த மென்பொருள் இலவசமானது. உலகின் பல மூலைகளில் இருக்கும் முகம் தெரியாத நல்லவர்கள் எழுதியது. மூல நிரலையே திறந்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், தாங்களே தொகுத்து ஓடும் மென்பொருளாக்கிக்கொள்ளலாம். ‘யார் வேண்டுமானாலும்’ என்று எழுதியபோது அவர்கள் என்னை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

போச்சம்பள்ளியில் ஒரு பெரிய கம்பெனிக்கு, நின்றுபோன மாடல் வண்டி ஒன்றின் உதிரிபாகம் தேவைப்பட்டது. அலுமினியத்தில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு. ஆறு துளை, நடுவில் நேராக ஓடும் ஒரு காடிப் பள்ளம். மாதம் அறுபது துண்டு போதும். இவ்வளவு சின்ன வேலையைப் பெரிய பட்டறைகள் தொடமாட்டா. சரளா எட்டு மாதம் அலைந்து, மாதிரித் துண்டு காட்ட ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருவார். துண்டு சரியாக இருந்தால் வேலை நமக்கு. இல்லையென்றால் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திபெலேயில் ஒரு பட்டறை காத்திருந்தது.

எங்கள் மெஷின் அப்போது மூன்று வாரமாகச் சும்மா நின்றிருந்தது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிடுவது என்று சரளா முடிவுசெய்திருந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை. நாகராஜிடம் சொல்லியிருந்தாள். நாகராஜ் என்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். அதனால் அவர் உடனே சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை மாலை கணினித் திரையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தட்டுமா என்று கேட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாளும் குரல் உயர்த்தவில்லை. என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் எதையும் கேட்பதில்லை.

‘ஆமாம்’ என்பதை அழுத்தினேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் கணினி புதுமாப்பிள்ளைபோல் எழுந்தது. எழுத்துரு அழகாகியிருந்தது. பின்புலத்தில் ஒரு மலை. மெஷினை ஓட்டும் மென்பொருளை மட்டும் திறக்கச் சொன்னால், இந்த நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒன்று இங்கே இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“என்னவாம்?” என்றாள் சரளா, வரைபடத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

“லைப்ரரி இல்லையாம்.”

“வீட்ல நடக்க எடமில்லாம அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணத் தூக்கியாந்து வைங்க.”

நூலகம் உண்டு, அட்டவணை இல்லை

கணினியுலகில் நூலகம் என்பது வேறு. ஒவ்வொரு மென்பொருளும் எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. கூட்டல் கழித்தலுக்கு ஒரு நூலகம், திரையில் படம் போட ஒரு நூலகம், யுஎஸ்பி வழியாகப் பேச ஒரு நூலகம் என்று பக்கத்து வீட்டில் கடன் வாங்கியே காலம் தள்ளும். நான் மேம்படுத்தியபோது பக்கத்து வீடுகள் எல்லாம் குடிபெயர்ந்துவிட்டன. எங்கள் மென்பொருள் பழைய கதவுகளைத் தட்டிக்கொண்டு நின்றது.

இணையத்தில் ஒரு மன்றத்தில் முறையிட்டேன். ஒரு நல்லவர் பதில் போட்டார்: மூல நிரலை எடுத்து, புதிய கணினியிலேயே தொகுத்துக்கொள், எளிது. ‘எளிது’ என்ற சொல்லைக் கேட்டால் ஓடிவிட வேண்டும் என்பதை நான் ஐம்பது வயதுக்குள் கற்றிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். நானூறு வரி சரசரவென்று ஓடியது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பிறகு நின்றது. யுஎஸ்பி நூலகம் இல்லை.

“இருக்கிறதே” என்று நான் கணினியிடம் சொன்னேன். இருந்தது. கண்ணால் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. நூலகத்தைப் பயன்படுத்த நூலகம் போதும். ஆனால் அதை நம்பி இன்னொரு மென்பொருளைத் தொகுக்க வேண்டுமென்றால், உள்ளே எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை தனிப் பொட்டலமாக வரும். பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டு, உருவாக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து இருக்கும்: dev.

அந்த மூன்றெழுத்தை ‘டெவ்’ என்று உச்சரிக்க வேண்டும் என்று இப்போது தெரியும். நான் கணினியைப் புத்தகம் படித்துக் கற்றவன். ஒருவர் வாயால் கேட்டுக் கற்றவனில்லை. அதனால் அதை ‘தேவ்’ என்றே வாசித்துவந்தேன். ஒரு பொட்டலத்தை இறக்கி வைத்தால் அடுத்தது இல்லை என்றது. அதை இறக்கினால் அதற்கடுத்தது. ஒவ்வொரு முறையும், தன் தோல்வியைச் சத்தமாக அறிவிக்கும் கெட்ட பழக்கமுள்ள நான், “இதுக்கும் தேவ் இல்லையா” என்று புலம்பியிருக்கிறேன்.

நாகராஜ் கடமை தவறாதவர். இல்லை என்று காதில் விழுந்தால் பலகையில் எழுதிவிடுவார்.

“நம்ம ஊர்ல இல்லாங்கறோம், தெலுங்குல லேதுங்கறாங்க, நீங்க இல்லங்கறீங்க, ஒங்க கம்ப்யூட்டரு நாட் ஃபவுண்டுங்குது. எல்லாம் ஒண்ணுதான சார்? எழுதிட்டேன்” என்றார்.

பெண் இணைப்பி ஆறு

அவரைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. காரணம் சொல்கிறேன்.

என் இளமையில் இதே ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் எழுத்தராகச் சேர்ந்தேன். படித்தது இலக்கியம். இரும்போடு எனக்கிருந்த உறவு டிபன் பாக்ஸ் அளவில்தான். சேர்ந்த மூன்றாம் நாள் மின்பிரிவிலிருந்து ஒரு கோரிக்கைச் சீட்டு வந்தது: ‘ஃபீமேல் – 6 நம்பர், உடனடி’. மின்கம்பிகளை இணைக்கும் கனெக்டரில் துளையுள்ள பாதிக்கு ஃபீமேல் என்று பெயர்; சீட்டு எழுதியவர் கனெக்டர் என்ற சொல்லைச் சோம்பலில் விட்டுவிட்டார்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். பொறுப்போடு யோசித்தேன். ‘பெண் ஊழியர் நியமனம் ஸ்டோர்ஸின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பணியாளர் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன்.

பணியாளர் பிரிவில் இருந்தவரும் என்னைப் போலவே பொறுப்பானவர். எந்த ஷிஃப்டுக்கு என்று கேட்டு மின்பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கேன்டீன் பலகையில் ஒட்டப்பட்டது. பதினோரு ஆண்டு கழித்து அந்த வேலையை விட்டபோது எனக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். மின்பிரிவு சார்பில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி தந்தார்கள். உள்ளே ஆறு கனெக்டர்கள் இருந்தன.

மாமனும் சகலையும்

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் ஏழு தேவ்களையும் இறக்கி முடித்தேன். தொகுப்பு ஓடியது. பாதியில் மறுபடி நின்றது. இப்போது பிரச்சினை வேறு. திரைக்குப் படம் போடும் நூலகம் இருக்கிறது, ஆனால் ரொம்பப் புதியது. பழையது வேண்டும் என்றது. பழையதை வைத்தால், அது இருக்கும் வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று இன்னொரு நூலகம் எழுந்து வெளியே போனது. அதை மன்றாடி உள்ளே அழைத்தால் பழையது கிளம்பியது.

இந்த மாதிரிச் சிக்கலை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்தில்.

சரளாவின் தாய்மாமனுக்கும் அவருடைய சகலைக்கும் ஒரு போர்வெல் விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்கு மாலை போட முடியாது. சகலை வந்தால் மாமன் வரமாட்டார். சகலையை அழைக்காவிட்டால் மாமனின் மனைவி, என் தங்கை இல்லாத கல்யாணம் எனக்கு எதற்கு என்பார். அவர் வராவிட்டால் மாமனும் வரமாட்டார். சரளாவின் ஊர்ப் பக்கத்தில் இதற்காகவே கல்யாணங்கள் ஒரு முகூர்த்தம் தள்ளிப்போவதுண்டு.

கடைசியில் சமையல்காரர் தீர்த்துவைத்தார். மாமனை மேடைப் பக்கமும் சகலையை மாடிப் பந்தியிலும் உட்காரவைத்து, இருவரிடமும் மற்றவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இருவரும் வெற்றிக் களிப்போடு சாப்பிட்டார்கள்.

மன்றத்து நல்லவர் சொன்ன தீர்வும் ஏறக்குறைய இதுதான். இரண்டு பதிப்புகளையும் தனித்தனி ஃபோல்டர்களில் வைத்து, ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாமல் பார்த்துக்கொள். செய்தேன். அதற்குப் பழைய நூலகத்தையும் மூல நிரலிலிருந்து தொகுக்க வேண்டியிருந்தது. அதற்கு வேறு மூன்று நூலகங்கள் வேண்டியிருந்தன. மூன்றுக்கும் தேவ் இல்லை.

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்க முயன்றேன். முடியவில்லை.

“பத்து நம்பர்” என்றபடி நாகராஜ் பலகையைத் திருத்தினார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. என் புத்தி நூலகத்தில் இருந்தது.

ஆதாரோடு வந்தவர்

இரண்டு மணி வாக்கில் திரும்பி வந்தவருடன் இன்னொரு மனிதர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த சட்டை, நன்றாகச் சீவிய தலை. நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் உறை.

“ஆள் கெடச்சிட்டாரு சார். நாலாவது ஷெட்ல வேல செய்யறாரு. தேவ்நாத். ஜார்கண்டு. மீதி ஒம்பது பேரு இந்தப் பக்கத்துல இல்லியாம். ஒரு தேவ்குமார் இருந்தாராம், போன மாசம் ஊருக்குப் போயிட்டாராம்.”

தேவ்நாத் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் விசைப்பலகைமேல் அடுக்கினார். ஆதார் அட்டை. அதன் இரண்டு நகல். வாடகை வீட்டுக்காரர் கொடுத்த கடிதம். பாஸ்போர்ட் அளவு புகைப்படம் நான்கு.

“கம்ப்யூட்டர்ல என் பேர் கேக்குதுன்னு அண்ணா சொன்னாரு” என்றார். “ஒம்பது வருசமா ஓசூர்லதான் இருக்கேன் சார். எல்லா பேப்பரும் சரியா இருக்கு.”

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டர் கேட்ட தேவ் வேறு, அது ஆளில்லை என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தன்மீது வழக்கொன்றும் இல்லை என்பது புரிந்தது. டீயை வாங்கிக் குடித்தார்.

சரளா எங்கள் பக்கம் வந்தாள். அவள் கையில் இருந்தது இரண்டே இரண்டு அலுமினியக் கட்டை. மாதிரிக்கென்று கம்பெனி கொடுத்தது.

“ஏங்க, இன்னிக்கு ஓடுமா ஓடாதா? உண்மையச் சொல்லுங்க.”

“தொண்ணூற்றெட்டு சதவீதம் தொகுத்துவிட்டது.”

“அந்த ரெண்டு சதவீதத்துலதான் நான் இருக்கேன்” என்றாள்.

தேவ்நாத் டீக் குவளையோடு மெஷினைச் சுற்றிவந்தார். தளமேடையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மோட்டாரின் பெல்ட்டை விரலால் சுண்டினார்.

“எங்க ஊர்ப் பட்டறையில இருந்த அதே மெஷின்தான் இது. பதினாறு வருசம் இதுலதான் வேல செஞ்சேன். கையால. இந்த மோட்டார் யார் வச்சது மேடம்?”

சரளா என்னைப் பார்த்தாள்.

“ஓ” என்றார் தேவ்நாத். பிறகு கேட்டார்: “சக்கரம் எங்க?”

ஊறுகாய் ஜாடி

மோட்டார்களைப் பொருத்திய அன்று, இனிமேல் தேவையில்லை என்று கைச்சக்கரங்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். நல்ல வார்ப்பிரும்பு, விளிம்பில் அளவுக்கோடுகள். எறிய மனம் வரவில்லை. ஒன்று என் புத்தக அலமாரியின் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. இன்னொன்று சரளாவின் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

ஸ்கூட்டரில் போனேன். சக்கரத்தை எடுத்ததும் அலமாரி சாய்ந்து, சங்கத்திலிருந்து சமகாலம் வரை தரையில் கொட்டியது. அப்படியே விட்டுவிட்டு, இரண்டு சக்கரங்களையும் காலடியில் வைத்துக்கொண்டு தூறலில் திரும்பினேன். மஞ்சளும் உப்பும் நார்த்தங்காய்க் காரமும் கலந்த வாசனையில், ஒரு துல்லியக் கருவியைத் தேவ்நாத் கையில் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் கேட்டார்.

பெல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரங்களைப் பூட்ட ஒரு மணி நேரம். அப்போதுதான் தெரிந்தது, சக்கரத்தின் அளவுக்கோடுகள் அங்குலக் கணக்கு. வரைபடமோ மில்லிமீட்டரில். இத்தனை நாள் இதைக் கணினி சத்தமில்லாமல் மாற்றிக்கொடுத்திருக்கிறது.

“நான் போட்டுத் தருகிறேன்” என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “இருபத்தைந்து புள்ளி நான்கால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.”

ஒரு காகிதத்தில் வகுக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்றுக்கு நூறு கோடு, ஒரு கோடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றால் பதினாலு சுற்று, தொண்ணூற்றாறு கோடு. நான் தமிழில் வாசிப்பேன். தேவ்நாத்துக்குத் தமிழில் ஐம்பதுக்கு மேல் எண் தடுமாறும். அதனால் நாகராஜ் நடுவில் நின்று சொன்னார். நாகராஜ் எண்களை மட்டும் கன்னடத்தில்தான் யோசிப்பார். தேவ்நாத் ஒன்பது வருடத்தில் தமிழைவிடக் கன்னட எண்களை நன்றாகப் பிடித்துவைத்திருந்தார். தளி மார்க்கெட்டில் காய் வாங்கியே கற்றாராம்.

நான்கு துளை அழகாக வந்தது. ஐந்தாவதில் நான் எழுபத்தொன்பது என்றேன். நாகராஜ் ‘எப்பத்தொம்பத்து’ என்றார். கன்னடத்தில் எழுபது எப்பத்து, எண்பது எம்பத்து. டிரில்லின் சத்தத்தில் தேவ்நாத் காதில் விழுந்தது எம்பத்தொம்பத்து. பத்துக் கோடு தள்ளித் துளை விழுந்தது.

ஒரு கட்டை போயிற்று. சரளா அந்தத் துண்டை எடுத்து, துடைத்து, ஓரமாக வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“இனிமே இப்படி” என்றாள். “இவரு தமிழ்ல சொல்லட்டும். நாகராஜ் கன்னடத்துல திருப்பிச் சொல்லணும். தேவ்நாத் ஹிந்தில திருப்பிச் சொல்லி, சாக்பீஸ்ல மெஷின்மேல எழுதணும். எழுதினத நான் தாள்ல சரிபாத்து ஆமாம்னு சொன்னாத்தான் சக்கரம் சுத்தணும். அதுவரைக்கும் கை வைக்கப்படாது.”

அப்படியே செய்தோம். பதினாலு, தொண்ணூற்றாறு. ஹதினால்கு, தொம்பத்தாறு. சௌதஹ், சியானவே. கிறீச்சென்று சாக்பீஸ். “ஆமாம்.” பிறகு சக்கரம். அலுமினியச் சீவல் வெள்ளிச் சுருளாக எழுந்து விழும் ஓசை. தேவ்நாத் சக்கரத்தை எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் கொண்டுவந்தார். தாண்டிவிட்டால் முழுச்சுற்று பின்னால் போய் மறுபடி வருவார். பழைய திருகில் தளர்வு இருக்குமாம். கணினிக்கு நான் அதைச் சொன்னதே இல்லை.

ஐந்தரை மணிக்குத் துண்டு முடிந்தது. அதே நேரத்தில் என் தொகுப்பும் நூறு சதவீதம் முடிந்தது. ஓடச் சொன்னேன். நூலகம் இல்லை என்றது.

ஆய்வாளர் எழுதிய தாள்

திங்கட்கிழமை தேவ்நாத் நாலாவது ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கோயமுத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுபவர். மைக்ரோமீட்டரை எடுத்து ஒன்றே கால் மணி நேரம் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு துளையை மறுபடி அளந்தார்.

“அருமைங்க. சரி, புரோகிராமக் காட்டுங்க. பேரும் திருத்த எண்ணும் எழுதோணும்.”

நான் வாயைத் திறந்தேன். சரளா முந்திக்கொண்டாள்.

“புரோகிராம் இல்லைங்க. கையாலதான் வெட்டினோம். கம்ப்யூட்டர எங்க வீட்டுக்காரரு சரி பண்ணிட்டாரு.”

“சரி பண்ணிட்டாருங்ளா?”

“அதனாலதாங்க ஓடல.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். நாகராஜ் கூரையைப் பார்த்தார்.

“அறுபது துண்டும் கையாலயேவா வெட்டப் போறீங்?”

“வெட்டிருவோம். ஒரு நாளைக்கு மூணு, நாலு. கண் முன்னால வேணும்னாலும் வெட்டிக் காட்டறோம்.”

கெட்டுப்போன கட்டையின் மறுபக்கத்தில் வெட்டிக் காட்டினோம். நான் வாசித்தேன், நாகராஜ் வாசித்தார், தேவ்நாத் வாசித்து எழுதினார், சரளா ஆமாம் என்றாள். ஆய்வாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை மூக்கைச் சுளித்து, “ஊறுகா வாசம் வருதுங்ளே” என்றார். நாகராஜ் கூலன்ட்டை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

முடிவில் ஒரு தாளை நிரப்பிச் சரளாவிடம் நீட்டினார். வேலை நமக்கு. நாகராஜ் பலகையிலிருந்த தேவ் வரியைத் துடைத்தார். சரளா தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டறை திறந்த நாளிலிருந்து வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க” என்றார் ஆய்வாளர். “மாதிரி எந்த முறையில பாஸாச்சோ, சரக்கும் அதே முறையிலதான் வரோணும். ஆளு, மெஷினு, முறை, எதையும் மாத்தப்படாதுங்க. மாத்தோணும்னா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்குங்க. மூணு மாசமாகும்.”

தாளை நான் பிறகுதான் பார்த்தேன். வண்டித் தொழிலில் இது எல்லா இடத்திலும் உள்ள விதி. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இயந்திரம்: கைச்சக்கரம். இயக்குபவர்: தேவ்நாத். சரிபார்ப்பு முறை: ஒவ்வொரு அளவும் தமிழ், கன்னடம், ஹிந்தி ஆகிய மொழிகளில் உறுதிசெய்யப்படும். எண் வாசிப்பவர் என்ற கட்டத்தில் என் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

புதன்கிழமை மென்பொருள் திறந்துகொண்டது. நான் தொகுத்த நூலகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. புதிதாக வந்தவர்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள் என்று கணினியிடம் ஒரே ஒரு கட்டளை சொல்ல மறந்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை. எண்கள் திரையில் பச்சையாக மின்னின. ஓடிப்போய்ச் சரளாவிடம் சொன்னேன்.

“சந்தோசம்” என்றாள். “அணைச்சிட்டு வாங்க. வாசிக்கணும்.”

தேவ்நாத் இப்போது வாரத்தில் நான்கு நாள் எங்களிடம் வருகிறார். நானும் போகிறேன். முன்பெல்லாம் எழுந்தபோது போவேன்; இப்போது எட்டரைக்கு இருக்க வேண்டும். எல்லா வேலையையும் தானே செய்யக்கூடிய கணினிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒரே எண்களைத் துண்டுக்குத் துண்டு சத்தமாக வாசிக்கிறேன். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்திருந்தேன், பட்டறை நின்றுவிட்டது. இருபத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் என் இருப்புக்கு எழுத்துப்பூர்வமான பாதுகாப்பு கிடைத்தது இதுவே முதல்முறை. என்னை நீக்க வேண்டுமென்றால் போச்சம்பள்ளியில் அனுமதி வாங்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் பெருமையாகவே நாகராஜிடம் சொன்னேன். அவர் கையைப் பனியன் வேஸ்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மேடம் அப்பவே அந்த அனுமதி கேட்டு எழுதிப் போட்டாங்க சார். காரணம்னு கேட்டிருந்த எடம் பத்தலன்னு தனித்தாள் வச்சிருக்காங்க.”